ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதலை நேரில் பார்க்க: முழுமையான வழிகாட்டி

முதல் தடவை நான் போனபோது ராக்கெட் கிளம்பவே இல்லை. இரண்டாவது தடவை கிளம்பியது, ஆனால் நான் மொபைல் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை ஒழுங்காகப் பார்த்துவிட்டு, ராக்கெட் கண்ணை விட்டு மறைந்ததும் பார்க்கிங்குக்கு ஓடிவிட்டேன். பாதிதான் பார்த்திருக்கிறேன் என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. பிறகு நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று பலரைக் கூட்டிப் போயிருக்கிறேன். எல்லோரும் இதே மூன்று இடத்தில்தான் சறுக்குகிறார்கள், அதனால் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

1. தேதிக்கு முன்னால் ராக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள்

"அடுத்த ஏவுதல் எப்போது?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது எந்த ராக்கெட், எத்தனை மணிக்கு, உள்ளே யாருடைய செயற்கைக்கோள் என்பது. நீங்கள் என்ன பார்க்கப் போகிறீர்கள், பயணம் வீணாக எவ்வளவு வாய்ப்பு என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

இங்கிருந்து கிளம்பும் இஸ்ரோ ராக்கெட்டுகளில் பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டம், அதாவது முதலில் எரியும் அடிப்பகுதி, திட எரிபொருள். பற்றியதும் சட்டென்று எழும்பிவிடும். ஜி.எஸ்.எல்.வி.யில் பக்கவாட்டில் இருக்கும் நான்கு திரவ எஞ்சின்கள் 4.8 விநாடி முன்பே பற்றிவிடும். புகை வரும், ராக்கெட் நகராது. பக்கத்தில் இருப்பவர் "ஐயோ, என்னமோ ஆயிடுச்சு" என்பார். ஒன்றும் ஆகவில்லை, நடுவில் உள்ள திட எரிபொருள் மோட்டார் பற்ற வேண்டும், அவ்வளவுதான். எல்.வி.எம்.3-இல் இரண்டு பெரிய திட பூஸ்டர்கள் மட்டும் தரையில் பற்றும். நடு எஞ்சின் பற்றுவது வானத்தில், கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் நெருங்கும்போது.

உள்ளே யாருடைய செயற்கைக்கோள் என்பதிலும் மூன்று வகை உண்டு. முதலாவது வாடகை சவாரி: 2017 பிப்ரவரி 15-இல் பி.எஸ்.எல்.வி.-சி37 கொண்டுபோன 104 செயற்கைக்கோள்களில் 101 வெளிநாட்டினுடையவை, ஒன்வெப் நிறுவனத்துக்காக 2022-லும் 2023-லும் எல்.வி.எம்.3 பறந்ததும் இதே கணக்கு. இரண்டாவது விருந்தாளிக் கருவிகள்: 2008-இல் போன சந்திரயான்-1-இன் 11 கருவிகளில் ஆறு, ஐரோப்பா, அமெரிக்கா, பல்கேரியாவிலிருந்து வந்தவை. மூன்றாவது சேர்ந்து கட்டியது: பூமியைக் கண்காணிக்கும் நைசார் மாதிரி. எல்-பேண்ட் ரேடார் நாசாவினுடையது, எஸ்-பேண்ட் ரேடார் இஸ்ரோவினுடையது, வெவ்வேறு அலைநீளத்தில் பார்க்கும் இரண்டும் ஒரே செயற்கைக்கோளில்.

பார்க்கப் போகிறவருக்கு இது எதற்கு என்றால், மூன்றாவது வகைக்குப் போவதாக இருந்தால் பொறுமை அதிகம் வேண்டும். நைசாரின் 12 மீட்டர் ஆன்டெனா பெங்களூருக்கு வந்த பிறகு, விண்வெளியில் மடங்கிய நிலையில் தாங்க வேண்டியதைவிட அதிகமாகச் சூடாகலாம் என்று தெரிந்ததால் திரும்ப கலிபோர்னியாவுக்குப் போய், சிறப்புப் பூச்சு பூசிக்கொண்டு 2024 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. ஏவியது 2025 ஜூலை 30, மாலை 5.40-க்கு. ராக்கெட்டில் ஒரு குறையும் இல்லாமலே இத்தனை மாதம்.

2. தேதி தள்ளிப்போகும் என்று வைத்தே லீவு போடுங்கள்

ஏவுதலுக்குச் சில வாரங்கள் முன்பே விமானிகளுக்கும் கப்பல்களுக்கும் எச்சரிக்கை வரும். விமானிகளுக்கானதை நோட்டாம் என்பார்கள். விண்வெளி ஆர்வலர்கள் முதலில் மோப்பம் பிடிப்பது இதைத்தான். புதியவர்கள் இதைப் பார்த்ததும் ரயில் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அது பல நாள்களுக்கு நீளும் கால எல்லை, ஏவும் தேதி அல்ல. இஸ்ரோ தானே தேதியும் நேரமும் அறிவிக்கும்வரை காசைச் செலவழிக்காதீர்கள்.

அறிவித்த பிறகும் மாறும். 2019 ஜூலை 15, அதிகாலை 2.51-க்குச் சந்திரயான்-2. கூட்டத்தோடு கூட்டமாக நானும் கண் எரிய எரிய உட்கார்ந்திருந்தேன். 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது கடிகாரம் நின்றது. கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. அப்புறம் ரத்து என்று அறிவிப்பு. ஏழு நாள் கழித்து, 22-ஆம் தேதி மதியம் 2.43-க்கு அது கிளம்பியபோது நான் அலுவலகத்தில் இருந்தேன், லீவு தீர்ந்துபோயிருந்தது. ஆகவே அறிவித்த நாளும் அதற்கு மறுநாளும் கையில் இருந்தால்தான் கிளம்புங்கள். ஒரே நாள்தான் லீவு என்றால் டிவியில் பார்ப்பது மேல்.

கூட்டுத் திட்டங்களில் நிறுத்தும் அதிகாரம் இஸ்ரோவிடம் மட்டும் இல்லை. ஐரோப்பாவின் புரோபா-3-ஐ 2024 டிசம்பர் 4 மாலை ஏவ வேண்டியது. ஒரு மணி நேரம்கூட இல்லாத நிலையில், செயற்கைக்கோளில் ஒரு கோளாறு தெரிந்து ஐரோப்பிய விண்வெளி முகமை நிறுத்தச் சொன்னது. ராக்கெட் தயாராகவே நின்றது. மறுநாள் மாலை 4.04-க்குக் கிளம்பியது. முதல் நாள் மாலையே ஊருக்கு ரயில் ஏறியவர்களை நினைத்துப் பாருங்கள்.

நிமிடக் கணக்கிலும் மாறும். 2024 டிசம்பர் 30-இல், இரண்டு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைக்கும் சோதனையான ஸ்பேடெக்ஸ் இரவு 9.58-க்கு என்று சொல்லி, 10 மணிக்குத் தள்ளினார்கள், போகும் வழியில் வேறு செயற்கைக்கோள்கள் குறுக்கே வருகின்றன என்பதால். அவசரப்பட்டு "தாமதமா, போச்சு" என்று எழுந்துவிடாதீர்கள்.

3. கேலரிக்குப் பதிவு செய்வது

பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கும் கேலரி 2019 மார்ச் 31-இல், பி.எஸ்.எல்.வி.-சி45 ஏவுதலுக்கு முந்தின நாள் திறந்தது. ஸ்டேடியம் மாதிரிப் படிப்படியான இருக்கைகள், சுமார் 5,000 பேர் உட்காரலாம். எதிரே ஏவுதளங்கள், பெரிய திரைகள், ஒலிபெருக்கி.

பதிவு, ஸ்ரீஹரிகோட்டாவில் உள்ள இஸ்ரோவின் சதீஷ் தவான் விண்வெளி மையத்தின் இணையப் பக்கத்தில். ஏவுதலுக்குச் சில நாள் முன்புதான் திறக்கும், கூட்டம் இழுக்கும் ஏவுதல் என்றால் வேகமாக நிரம்பிவிடும். எனவே திறக்கும் முன்பே வருகிற எல்லோருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும் ஒரு இடத்தில் எழுதி வைத்திருங்கள். படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு "அத்தை, உங்க ஆதார் நம்பர் என்ன?" என்று போன் போட்டால் அதற்குள் இடம் போய்விடும். அனுபவம்.

பதிவில் போட்ட அதே அட்டையை, அசலாக, கையில் கொண்டுபோக வேண்டும். ஒன்றைப் பதிந்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்து வாசலில் விழிப்பவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். பாஸோடு வரும் விதிகளை முழுக்கப் படியுங்கள், எதை உள்ளே கொண்டுபோகலாம், எத்தனை மணிக்கு வாசல் மூடும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். போன தடவை விட்டார்களே என்ற பேச்சு காவலர்களிடம் எடுபடாது. ஏவுதல் தள்ளிப்போனால் பழைய பாஸ் செல்லுமா என்பதையும் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். எல்லா ஏவுதலுக்கும் கேலரி திறக்கும் என்றும் எண்ண வேண்டாம், கொரோனா காலத்தில் மூடியே கிடந்தது.

4. பையில் என்ன

தொப்பி, நிறையத் தண்ணீர், பவர் பேங்க், மழைக்காலம் என்றால் ரெயின்கோட். குடை வேண்டாம், பின்னால் இருப்பவர் சாபம் விடுவார். பைனாகுலர் வாங்குவதானால் 7×50 அல்லது 10×50 போதும், அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கத்தில் ராக்கெட்டே சிக்காது. சின்னக் குழந்தைகளுக்குக் காது மூடி.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை என்றால் ஏவ மாட்டார்கள் என்பது தவறான எண்ணம். தூறலில்கூட ராக்கெட் போகும், மின்னலும் மேல்மட்டக் காற்றும்தான் பெரிய தடை. நமக்குத்தான் சிக்கல்: தாழ்ந்த மேகம் இருந்தால் சில விநாடிகளில் ராக்கெட் உள்ளே புகுந்துவிடும், மிச்சமெல்லாம் சத்தம்தான்.

5. போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 80 கி.மீ. கிட்டத்து ரயில் நிலையம் சூலூர்பேட்டை, ஆந்திராவின் திருப்பதி மாவட்டம். சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில்களில் சில மட்டுமே சூலூர்பேட்டைவரை போகும். நேரம் பார்க்காமல் ஏறினால் கும்மிடிப்பூண்டியில் இறக்கிவிட்டுவிடும். சாலை வழி என்றால் கும்மிடிப்பூண்டி, தடா தாண்டி கொல்கத்தா நெடுஞ்சாலை.

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா தீவுக்குப் பழவேற்காடு ஏரியின் குறுக்கே போகும் ஒரே சாலை. இருபுறமும் தண்ணீர், குளிர்காலத்தில் பூநாரைகள். அழகுதான், ஆனால் மாற்று வழி கிடையாது என்பதுதான் விஷயம். ஒரு வண்டி பழுதானால் எல்லோரும் நிற்க வேண்டும். வாசல் மூடும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே சூலூர்பேட்டையில் இருங்கள். ஆட்டோவில் போகிறீர்கள் என்றால் திரும்பி வர அதே ஆளைப் பேசி வைத்துவிடுங்கள்.

6. பாஸ் கிடைக்காவிட்டால்

ஏரிச் சாலையோரம் ஒவ்வொரு தடவையும் கூட்டம் நிற்கும். போலீஸ் எதுவரை விடுகிறதோ அதுவரை. கிழக்கே பார்க்க வேண்டும், எனவே காலை ஏவுதலில் வெயில் முகத்தில் அடிக்கும், மாலையில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பைனாகுலரைக் கண்ணில் வைக்கும் முன் சூரியன் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் பழவேற்காடு கடற்கரை. ஏவுதளம் அங்கிருந்து 30 கி.மீ.க்கு மேல், நிற்கும் ராக்கெட்டைப் பார்க்க முடியாது, எழும்பியதும்தான் தெரியும். ஏவும் நாளில் மீனவர்களே கடலுக்குள் போகக் கூடாது, எனவே படகு பிடித்து இன்னும் கிட்டே போகலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். வானம் தெளிந்த இரவில் சென்னைக் கடற்கரையிலிருந்தே ஒளிக்கோடு தெரியும்.

7. இடத்தில் உட்கார்ந்த பின்

மொபைலில் வீடியோ எடுக்க வேண்டுமானால் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள், கடைசி நிமிடத்தில் அல்ல. ஒரு சின்ன ஸ்டாண்டில் வைத்து, ஏவுதளத்துக்கு மேலே நிறைய வானம் விழும்படி செங்குத்தாகத் திருப்பி, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் திட எரிபொருளின் நெருப்பைப் பார்த்த கேமரா திணறி, திரை முழுக்க வெள்ளையாக்கிவிடும். ஒரு நிமிடம் இருக்கும்போது பதிவை அமுக்கிவிட்டு, அப்புறம் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். உங்கள் வீடியோவைவிட நல்ல வீடியோவை இஸ்ரோ வெளியிடத்தான் போகிறது.

ராக்கெட் எந்தப் பக்கம் சாயும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். புவிநிலைப் பாதைக்கு (செயற்கைக்கோள் பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோலத் தெரியும் பாதை) என்றால் கிழக்கே கடல் மேல் போகும். வடக்கு தெற்காகப் பூமியைச் சுற்றும் துருவப் பாதைக்கு நேராகத் தெற்கே போனால் இலங்கை மேல் பறக்க வேண்டிவரும், எனவே முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு அப்புறம் தெற்கே திரும்பும். இந்தச் சுற்றுக்கு எரிபொருள் செலவு. குலசேகரப்பட்டினத்தில் சின்ன ராக்கெட்டுகளுக்கு ஏவுதளம் கட்டுவதே இதைத் தவிர்க்கத்தான்.

8. முதல் இரண்டு நிமிடம்

வெளிச்சம் முதலில் வரும், சத்தம் பிறகு. தீப்பிழம்பு தெரிந்த கணத்திலிருந்து விநாடி எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கி.மீ. சத்தம் வந்ததும் எண்ணியதை மூன்றால் வகுத்தால் நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று வந்துவிடும். பழவேற்காட்டில் என்றால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எண்ண வேண்டும், அதற்குள் பாதிப் பேர் "சத்தமே வரலையே" என்று கிளம்பிவிடுவார்கள்.

கேலரியில் அந்த இடைவெளி விசித்திரமாக இருக்கும். பளிச்சென்று ஒரு மஞ்சள், வெல்டிங் நெருப்பைப் பார்ப்பதுபோலக் கண் கூசுகிறது, ராக்கெட் புகைக்கு மேலே வந்துவிட்டது, ஆனால் எல்லாம் ஊமைப் படம். ஜனங்கள் கத்துவது மட்டும் கேட்கிறது. அப்புறம் அது வந்து சேரும்: முதலில் ஒரு உறுமல், பிறகு பெரிய துணியைக் கிழிப்பதுபோலப் படபடவென்று, காதில் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டில் அதிகமாக. கையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் அதிர்ந்ததை நான் உணர்ந்திருக்கிறேன்.

பி.எஸ்.எல்.வி.யின் எக்ஸ்.எல் வகை என்றால் ஆறு பக்கவாட்டு மோட்டார்களில் நான்கு தரையில் பற்றும், மிச்சம் இரண்டு 25-ஆவது விநாடியில் வானத்தில். 70-ஆவது விநாடி வாக்கில் முதல் நான்கும், 92 வாக்கில் மற்ற இரண்டும் கழன்று விழும். பைனாகுலரை இப்போது எடுங்கள், முதல் இருபது விநாடிக்கு வெறும் கண்தான் சரி. சுமார் 110-இல் முதல் கட்டம் பிரியும். அதோடு வெளிச்சம் பொசுக்கென்று மங்கிவிடும், வெடித்துவிட்டதோ என்று சிலர் பதறுவார்கள். திட எரிபொருளின் பிரகாசம் முடிந்து, திரவ எரிபொருளில் ஓடும் விகாஸ் எஞ்சின் பொறுப்பேற்றிருக்கிறது. பிரான்சின் வைக்கிங் எஞ்சின் தொழில்நுட்பத்திலிருந்து வந்ததுதான் விகாஸ். அதன் தீ இவ்வளவு பளிச்சென்று இருக்காது.

9. மறைந்ததும் எழுந்திருக்காதீர்கள்

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கிளம்புகிறார்கள். புகைக்கோடு காற்றில் வளைந்து கலைய ஆரம்பிக்கும்போது படிகளில் நெரிசல். ஆனால் ராக்கெட் இன்னும் எங்கும் போய்ச் சேரவில்லை. 2025 மே 18 காலை 5.59-க்குக் கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி61, கண்ணுக்குத் தெரிந்தவரை அம்சமாகத்தான் போனது. மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்து செயற்கைக்கோள் போச்சு. புகையைப் பார்த்துக் கைதட்டிவிட்டுக் கிளம்பியவர்களுக்கு வழியில் யாராவது சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

உட்கார்ந்து ஒலிபெருக்கியைக் கேளுங்கள். "நார்மல்" என்ற வார்த்தை எத்தனை தடவை வருகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு கட்டமும் பிரியும்போது சொல்வார்கள், கட்டுப்பாட்டு அறையில் கைதட்டல் கேட்கும். திரையில் ஒரு கோடு: திட்டமிட்ட பாதை. அதன் மேல் ஊர்ந்து போகும் புள்ளி: உண்மையில் போகும் பாதை. புள்ளி கோட்டை விட்டு விலகுகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும், வேறெந்த எண்ணும் புரிய வேண்டியதில்லை.

பூமி உருண்டை என்பதால் ஸ்ரீஹரிகோட்டாவின் ரேடாருக்கும் ஆன்டெனாக்களுக்கும் சில நிமிடங்களில் ராக்கெட் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். அப்புறம் அதன் பேச்சைக் கேட்க வேறு யாராவது வேண்டும். கிழக்கே போனால் போர்ட் பிளேர் (2024-இலிருந்து ஸ்ரீ விஜயபுரம்), புருனே, இந்தோனேசியாவின் பியாக். தெற்கே போனால் திருவனந்தபுரம், மொரிஷியஸ். புருனேயிலும் பியாக்கிலும் மொரிஷியஸிலும் இந்தியாவின் நிலையங்கள் அந்தந்த நாடுகளின் சம்மதத்தோடு நடக்கின்றன. தேவைப்பட்டால் கப்பலில் ஆன்டெனா ஏற்றிக் கடலில் நிறுத்துவதும் உண்டு. அறிவிப்பில் இந்த ஊர்ப் பெயர்கள் வரும்போது, அந்த ஊர் ஆன்டெனாவுக்கு ராக்கெட் அகப்பட்டுவிட்டது என்று பொருள். கூட்டிப் போகும் பிள்ளைகளிடம் ஒரு உலகப் படத்தைக் கொடுத்து, பெயர் வரவர வட்டம் போடச் சொல்வேன். பெரியவர்களைவிட அவர்கள்தான் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள்.

ஏவிய பிறகு 20 நிமிடத்துக்குள் பெரும்பாலும் செயற்கைக்கோள் பிரிந்துவிடும். கூட்டுத் திட்டம் என்றால் இங்கே பொறுப்பு கைமாறும். புரோபா-3 ஏறத்தாழ 18 நிமிடத்தில் பிரிந்தது. அதன் முதல் குரலைப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் யதராக்காவில் உள்ள ஆன்டெனா. ஸ்ரீஹரிகோட்டாவின் வேலை அதோடு முடிந்தது. நிறைய செயற்கைக்கோள்களைக் கூட்டமாக ஏற்றிப்போகும் ஏவுதல் என்றால் ஒவ்வொன்றாக இறக்கிவிட நேரம் பிடிக்கும், தண்ணீரை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

10. திரும்புவது

செயற்கைக்கோள் பிரிந்தது என்ற அறிவிப்புக்குப் பிறகு கிளம்புங்கள். முன்பே ஓடியவர்கள் எல்லோரும் அந்த ஒரே ஏரிச் சாலையில் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள், அவர்களைத் தாண்டி நீங்கள் போகப் போவதில்லை, அவர்களும் உங்களைவிட ரொம்ப முன்னால் போயிருக்கப் போவதில்லை. மாலை ஏவுதல் என்றால் சூலூர்பேட்டையிலிருந்து கடைசி மின்சார ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்திருங்கள். அதைத் தவறவிட்டு, தடாவரை ஒரு லாரியில் வந்த கதை என்னிடம் இருக்கிறது, பரிந்துரைக்க மாட்டேன்.

வண்டியில் நிற்கும் நேரத்தில், நீங்கள் பார்த்த செயற்கைக்கோள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பார்த்து நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நைசார் ஜூலை 30-இல் போனது, கலிபோர்னியாவுக்கும் பெங்களூருக்கும் அலைந்த அந்த 12 மீட்டர் ஆன்டெனா விரிந்தது ஆகஸ்ட் 15-இல்தான். விரியாமல் போயிருந்தால் அன்று கேலரியில் நாம் பார்த்ததெல்லாம் புகைதான்.